நாய்க்கு ஒன்பது பக்கம்

1

இந்த ஊரில் காப்பகத்திலிருந்து ஒரு நாயை வீட்டுக்குக் கூட்டிவர ஒன்பது பக்கம் நிரப்ப வேண்டும். என்னை இங்கே கூட்டிவர என் வீட்டுக்காரர் நிரப்பியது நான்கே பக்கம். அதிலும் ஒரு பக்கம் போட்டோ ஒட்டுவதற்கு.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரி. தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறேன். போன வாரத்தோடு வந்து ஆறு வருடம் ஆகிறது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் ஒரு கேக் வாங்கி வந்தார். மேஜையில் வைத்து மூடியைத் திறந்துவிட்டு, கயல் எங்கே என்று கேட்டார். கயல் எங்கள் ஒரே பெண், பதிமூன்று வயது. மேல் மாடியில் இருக்கிறாள் என்றேன். அவர் மூடியை மறுபடி மூடினார். பள்ளிக்கூடம் விட்டதும் அவளுடைய பை எங்கள் வீட்டுக்கு வருகிறது, அவள் மேல் வீட்டுக்குப் போகிறாள். அங்கே ஒரு நாய் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய நாய் அது.

ஏன் வரவில்லை என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு, ஒரு நாய்க்கா இத்தனை அக்கப்போர் என்பீர்கள். நானும் அப்படிச் சொன்ன ஆள்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2

எங்கள் ஊரில் யாரும் நாயைத் தத்தெடுத்து நான் பார்த்ததில்லை. அதுவாக வந்து வாசலில் படுக்கும். துரத்தினால் போய்விட்டு மறுநாள் வரும். மூன்றாம் நாள் மிச்சச் சோறு போடுவோம். அதோடு முடிந்தது, அது நம்ம வீட்டு நாய்.

ஜிம்மி சுனாமி வந்த வாரத்தில் வந்தது. மஞ்சக்குப்பத்தில் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் கடற்கரைச் சனங்களைக் கொண்டுவந்து தங்க வைத்திருந்தார்கள். அவர்கள் பின்னாலேயே வந்ததோ, தனியாக ஓடி வந்ததோ, ஒரு செவலை நாய் எங்கள் வாடகை வீட்டுக் கேட்டில் வந்து உட்கார்ந்தது. இடது காது நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்கியது. கருவாட்டுக் குழம்பு மிச்சத்தைச் சோற்றில் பிசைந்து போட்டேன். தின்றுவிட்டு அங்கேயே சுருண்டுகொண்டது.

கயலுக்கு அப்போது ஐந்தரை வயது. தண்ணீர் வருகிறது, தண்ணீர் வருகிறது என்று சனங்கள் தெருவில் ஓடியதைப் பார்த்ததிலிருந்து அவள் வீட்டை விட்டு வெளியே கால் வைக்க மாட்டேன் என்று பிடிவாதம். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், வாசலில் கதறுவாள். ஜிம்மி வந்த பத்தாம் நாளோ என்னவோ, அதன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு அவளே நடந்து போனாள். அது பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே மாவு மிஷின் நிழலில் சாயங்காலம்வரை படுத்திருந்து கூட்டிக்கொண்டு வரும். மிஷின்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், பொண்ணுக்குத் தனியா வாட்ச்மேன் போட்டிருக்கீங்களே என்று கிண்டல் செய்வார். அந்த நாய் இல்லாமல் அவள் ஒன்றாம் வகுப்பு படித்திருக்க மாட்டாள். இதை இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு அது தெரிந்திருந்தது என்று சொல்ல முடியாது.

அதே வீட்டில் ஒரு பூனையும் சேர்ந்தது. பாலைக் குடித்தது, பீரோவுக்கு மேலே குட்டி போட்டது, குட்டிகளை எங்கோ தூக்கிப்போய் வைத்துவிட்டுத் தான் மட்டும் வந்து வந்து பால் சட்டியை உருட்டியது. என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பூனையைக் கொல்லக் கூடாது, பாவம். அடித்தும் துரத்தக் கூடாது. கோணியில் போட்டு வாயைக் கட்டி, வழி தெரியாமல் கொண்டுபோய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட வேண்டும். ஆறு தாண்டினால் திரும்பி வராது. தின்பதற்கு ஏதாவது கிடைக்கிற இடமாகப் பார்த்து விட வேண்டும். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் ஆட்டோ வைத்துப் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, மீன் விற்கிற இடத்தில் கோணியை அவிழ்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு சமையலைப் பார்த்தேன். பூனை எங்கே என்று கயல் கேட்டாள். அது அவுங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கு என்றேன். நம்பினாள்.

3

2006ஆம் வருடம் ஜூன் மாதம் எங்களுக்கு விசா வந்தது. அவர் முன்பே இங்கே வந்து வேலையில் சேர்ந்துவிட்டார். வீட்டைக் காலி செய்து, பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாவற்றையும் சிதம்பரத்தில் என் தம்பி செல்வம் வீட்டில் போடுவதாக ஏற்பாடு. அவனுக்கு அங்கே ஜெராக்ஸ் கடை, பெண்டாட்டி லதா மாசமாக இருந்தாள். குட்டி யானை என்று ஊரில் சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்றைப் பிடித்தோம். சாமான்களுக்கு நடுவில் ஜிம்மியும் ஏறியது. கயல் முன் சீட்டில் என் மடியில் உட்கார்ந்து, சிதம்பரம் போய்ச் சேரும்வரை பின்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தம்பியிடம் அவள் கட்டளை போட்டாள். சங்கிலி போடக் கூடாது. காரம் போட்ட சோறு வைக்கக் கூடாது. கிழிந்த காதைத் தொட்டால் அதற்குக் கோபம் வரும். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மாமா பாத்துக்கறேன்டா செல்லம், நீ பயப்படாம போ என்றான். அவன் கெட்டவன் இல்லை. அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னான்.

இங்கே வந்து இருபது நாள் இருக்கும். மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, ஓயாம ஊளையிடுதுக்கா. லதாவுக்கு ஏழாம் மாசம். பெண்ணாடத்திலேர்ந்து அவுங்க அம்மா வந்துருக்காங்க. புள்ளத்தாச்சி இருக்கற வூட்டுல நாய் ஊளையிட்டா ஆவாதுன்னு சோறு தண்ணி எறங்காம உக்காந்திருக்காங்க. என்னா பண்றதுன்னு நீயே சொல்லு."

நான் யோசிக்கவே இல்லை. அடுப்பில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன், கையை நிறுத்தவும் இல்லை.

"பூனைக்குப் பண்ண மாதிரி பண்ணிடு. கோணியில போட்டு ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுடு. பகல்ல போ. கறிக்கடை எதனா இருக்கற எடமா பாத்து வுடு. அது பொழச்சுக்கும்."

ரெண்டு நாள் கழித்து அவன் போன் செய்து, சேத்தியாத்தோப்பு பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டதாகச் சொன்னான். நண்பன் ஒருவன் பைக் ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து கோணியை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான். வெள்ளாறு தாண்டும்வரை அது முனகக்கூட இல்லையாம். எனக்கு அப்போது வலித்ததா என்றால், இல்லை. ஒரு வேலை முடிந்தது என்றுதான் இருந்தது. பக்கத்து அறையில் கயல் படம் வரைந்துகொண்டிருந்தாள். மாமா என்ன சொன்னாங்க என்று கேட்டாள். ஜிம்மி நல்லா இருக்கான், உன்னைக் கேட்டான்னு மாமா சொன்னாங்க என்றேன்.

4

பொய்க்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நாயைவிட அது ஜாஸ்தி தின்னும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போதெல்லாம் கயல் ஜிம்மியைப் பற்றிக் கேட்பாள். நான் தம்பியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவனும் சளைக்காமல் சொல்வான். பால் குடிச்சுது, பந்து வெளையாடுது, இப்பதான் தூங்குது. ஒரு நாள் போட்டோ வேண்டும் என்று அடம் பிடித்தாள். தெருவில் போகிற ஒரு செவலை நாயைப் படம் எடுத்து அனுப்பு என்று நான்தான் தம்பிக்கு யோசனை சொன்னேன். செவலை நாய்க்கா எங்கள் ஊரில் பஞ்சம். அனுப்பினான். அவள் அதை அச்செடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மறுநாள் காலையில், காது ரெண்டும் முழுசா இருக்கேம்மா என்றாள். ஆறிப்போயிருக்கும் என்றேன். கிழிந்த காது ஒட்டுமா என்று கேட்கிற வயது அவளுக்கு அப்போது இல்லை.

இதற்கு நடுவில் அவள் எனக்கு வாயாகிவிட்டாள். நான் இந்த ஊர்ப் பாஷையில் கடையில் பேசுவேன், அதற்கு மேல் வராது. டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில், வெளிநாட்டவர் அலுவலகத்தில் எல்லாம் கயல்தான். ஒன்பது வயதுப் பிள்ளை டாக்டரிடம் என் மாதவிலக்குக் கணக்கைச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை அலுவலகத்தில் என் தலையைவிட நரைத்த தலைக்காரர் ஒருவரை இந்த ஊர்ப் பாஷையில் 'நீ' என்று சொல்லிவிட்டேன். நான் செய்தது தப்பு என்பதே அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து, இனிமே நீ தமிழ்லயே சொல்லும்மா, நான் மாத்திச் சொல்லிக்கறேன் என்றாள். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளை வாயில் பேசிப் பிழைக்கிறோமே என்று தோன்றவில்லை.

2010இல் லீவுக்கு ஊருக்குப் போனோம். நாய் செத்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று தம்பியும் நானும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். சிதம்பரம் வீட்டில் கால் வைத்ததும் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வயசாயி போன மாசம்தான் போச்சுடா, கொல்லையில தென்னமரத்துக்கிட்ட பொதச்சிருக்கேன் என்றான். அவள் அழவில்லை. செம்பருத்தி ஒன்றைப் பறித்துக்கொண்டு போய்த் தென்னை அடியில் வைத்துவிட்டு வந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அப்பாடா, ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த லீவு முடிந்து திரும்பியதிலிருந்து அவள் தம்பியோடு போனில் பேசுவதில்லை. நான் தமிழில் கேட்டாலும் ஜெர்மனில் பதில். இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று இங்கே தெரிந்த பெண்கள் சொன்னார்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

5

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள், சாப்பாட்டு மேஜையில், எனக்கு ஒரு நாய் வேணும் என்றாள். கேட்டது தமிழில். வெகு நாள் கழித்து அவள் எங்களிடம் ஒன்று கேட்கிறாள் என்று அவருக்குக் கண்ணெல்லாம் பளபளத்தது. அவர் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவர். வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினார். ஒன்பது பக்கத்தை ரெண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பினார். வீட்டில் யார் எத்தனை மணி நேரம் இருப்பார்கள், நாய் எங்கே படுக்கும், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், நீங்கள் பிரிந்துவிட்டால் நாய் யாரிடம் போகும். கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நீங்க போங்க, நாய் என்கிட்ட இருக்கட்டும் என்றேன். கயல்கூடச் சிரித்தாள். எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

காப்பகம் ஊருக்கு வெளியே, கோதுமை வயல் ஓரத்தில். நாய்க்கு லோலா என்று பெயர். ருமேனியாவில் தெருவில் திரிந்ததைப் பிடித்து, ஊசி போட்டு, பாஸ்போர்ட் எடுத்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். நாய்க்குப் பாஸ்போர்ட் என்று நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீல அட்டை போட்ட புத்தகம், கையில் வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டை நாய்க்காக ரெண்டு தடவை வந்து பார்ப்பார்களாம். நாங்கள் வந்து குடியிருக்கிற இத்தனை வருடத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு ஆள் எட்டிப் பார்த்ததில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாய் கம்பி வழியாகக் கயல் கையை நக்கியபோது, அவள் முகத்தில் பழைய மஞ்சக்குப்பத்துப் பிள்ளை வந்துபோனாள். இது நடக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். இந்த நாய் வந்தால் என் பெண் எனக்குத் திரும்பக் கிடைப்பாள் என்று அத்தனை நிச்சயமாகத் தெரிந்தது.

உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டை முடிக்காரி. ஸ்வெட்டரெல்லாம் நாய் மயிர். தன்மையாகத்தான் கேட்டாள். முன்பு பிராணி வளர்த்தது உண்டா என்றாள். நான் உற்சாகமாகச் சொன்னேன். ஜிம்மி வந்தது, மாவு மிஷின் நிழலில் காத்திருந்தது, வாட்ச்மேன் கிண்டல், எல்லாம். கயல் ஒன்று விடாமல் மாற்றிச் சொன்னாள். குட்டை முடிக்காரி சிரித்துக்கொண்டே எழுதினாள். பிறகு, அந்த நாய் இப்போது எங்கே என்று கேட்டாள்.

"எங்க தம்பி வூட்ல வளந்துது, வயசாயி செத்துப்போச்சுன்னு சொல்லு" என்றேன்.

கயல் என்னைப் பார்த்தாள். திரும்பி அவளிடம் சொல்ல ஆரம்பித்தாள். நான் சொன்னதைப் போல ஐந்து மடங்கு நீளமாகச் சொன்னாள். நடுவில் ரெண்டு கையாலும் எதையோ குவித்துப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் கட்டுகிற மாதிரி காட்டினாள். ஆற்றுக்கு இங்கே சொல்கிற வார்த்தை எனக்குத் தெரியும். அது ரெண்டு முறை வந்தது. குட்டை முடிக்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்க, கயல் முகவாயால் என்னைக் காட்டினாள்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில் நானே விளக்க ஆரம்பித்தேன். நாங்கள் கொல்வதில்லை. அடிப்பதில்லை. பகலில்தான் விடுவோம். கறிக்கடை பக்கத்தில் விடுவோம், நல்ல இடம், நல்ல இடம். எங்கள் பக்கத்தில் இதுதான் இரக்கமான முறை. பூனைக்கும் இப்படித்தான் செய்தேன் என்று கையால் பூனை மீசை காட்டி வேறு சொன்னேன். கயலுக்குப் பூனை விஷயம் அதுவரை தெரியாது. சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

குட்டை முடிக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அது பிழைத்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கயல் மாற்றிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை, எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதானே முறை.

6

பஸ் நிறுத்தத்தில் நானும் அவளும் மட்டும் நின்றோம். ஜிம்மி விஷயம் உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"சிதம்பரம் போனப்பவே. லதா அத்தை தலை வாரி வுடும்போது சொன்னாங்க. அவுங்க ஒண்ணும் ஒளிக்கலம்மா. உங்கம்மா போன்ல சொன்ன மாதிரியே மாமா செஞ்சாருன்னு சும்மா கதை மாதிரி சொன்னாங்க."

"அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"மொத நாளு தென்னமரத்துக்குப் பூ வெச்சேன். நீ பக்கத்துலதானே நின்ன. அப்ப நீ சொல்லியிருக்கலாமில்ல?"

பஸ் வந்தது. அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள், நான் பின்னால்.

பத்து நாளில் கடிதம் வந்தது. அதையும் அவள்தான் படித்து மாற்றிச் சொன்னாள். மன்னிக்கவும், உங்கள் குடும்பத்துக்குப் பிராணி தருவதற்கு இல்லை. குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. கரண்ட் பில் படிப்பது போலப் படித்துவிட்டு மடித்து அப்பாவிடம் கொடுத்தாள். எனக்கு அவர்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மனுஷர்களைத் திருப்பி அனுப்ப ஒரு நிமிடம் யோசிக்காத நாட்டில், நாய்க்கு நியாயம் பேசுகிறார்கள். தம்பிக்குப் போன் போட்டுக் கொட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் வீட்டில் இப்போது ஒரு பொமரேனியன் இருக்கிறது, அதற்கு ஷாம்பு வேறு. "நாயி மேட்டருக்குப் போயி இவ்ளோ பேசறானுங்களாக்கா அந்த ஊர்ல" என்றான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஊர்க்காரனோடு பேசும்போது அப்படித்தான் வருகிறது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கயல் வாசலில் நின்றாள்.

போன வருடக் கடைசியில் வந்த புயலில் கடலூர் சின்னாபின்னமான அடுத்த வாரம்தான் லோலா மேல் வீட்டுக்கு வந்தது. அங்கே ஹில்டா என்று எழுபது வயது அம்மாள் தனியாக இருக்கிறாள். கயல் அவளிடம் போய்ப் பேசியிருக்கிறாள். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், தினமும் நான் நடத்திக் கூட்டிப்போகிறேன் என்று. காப்பகத்தார் வந்து மேல் வீட்டை ரெண்டு தடவை பார்த்தார்கள். எங்கள் கதவைத் தாண்டித்தான் ஏறிப் போனார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருப்பதாகக் கயல் வந்து சொன்னாள். நாயைக் கீழ் வீட்டுக் குடும்பத்திடம் சிறிது நேரத்துக்குக்கூட ஒப்படைக்கக் கூடாது. சிறுமி நடத்திச் செல்லலாம்.

"அப்ப நீ இந்தக் குடும்பம் இல்லையா?" என்றேன்.

"அது நான் எழுதல" என்றாள். எழுதியவர்களிடம் வேண்டாம் என்று சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

7

கேக் வாங்கி வந்த மறுநாள் காலையில் நடந்தது இது. மாடிப்படியில் தடால் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஹில்டா அம்மாள் நாலு படி சறுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். நாய் அவள் முகத்தை நக்கிக்கொண்டு நிற்கிறது. ஆம்புலன்சுக்கு நானே போன் செய்தேன். விலாசத்தை நானே சொன்னேன், புரிந்துகொண்டார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அந்த அம்மாள் நாயின் வாரை என் கையில் திணித்தாள். ஒப்பந்தமெல்லாம் அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில் இருந்திருக்காது. எனக்கு இருந்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது.

நாயை வீட்டுக்குள் கூட்டிப் போகவில்லை. அந்த ஒரு விஷயத்திலாவது சுத்தமாக இருக்கலாம் என்று படியிலேயே உட்கார்ந்தேன். அது முதலில் மேலேயும் கீழேயும் பார்த்து நடுங்கியது. பிறகு என் காலில் சாய்ந்து படுத்துக்கொண்டது. ஆறு வருடமாக நான் ஒரு நாயைத் தொட்டதில்லை. வயிற்றுச் சூடு காலில் ஏறியது. என்னையும் அறியாமல் ஜிம்மி என்று கூப்பிட்டேன். அது காதைக்கூட அசைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்த உப்புமா அடுப்பின் எதிரே வந்திருக்க வேண்டிய அழுகை.

காலையில் இட்லி ஊற்றியிருந்தேன். நாய் பசியில் என் கையை மோந்து மோந்து பார்த்தது. வாரைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே போய் அரை இட்லி எடுத்து வந்து பிட்டுப் போட்டேன். தின்றது.

ஒரு மணிக்கு மேல் கயல் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். படியில் என்னையும் நாயையும் பார்த்ததும் அப்படியே நின்றாள். நடந்ததைச் சொன்னேன். பையை இறக்கி வைத்துவிட்டு, "குடும்மா" என்று வாரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தாள். காப்பகத்துக்கு எழுதணும் என்றாள். நாய் நம்மிடம் இருந்தது அவர்களுக்குத் தெரிந்தால் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்களே, அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது என்றேன். அவள் கேட்க ஆரம்பித்தாள்.

"எத்தினி மணிக்குக் கையில வாங்கின?"

பதினொன்றரை இருக்கும் என்றேன். எழுதினாள்.

"வூட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனியா?"

இல்லை என்றேன். எழுதினாள்.

"தின்ன எதனா குடுத்தியா?"

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த ஒரு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அரை இட்லி. குடுத்தேன் என்று சொன்னால் யார் தலை போகப்போகிறது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. எதைக் கேட்டாலும் முதலில் அதுதான் வாயில் வந்து நிற்கிறது. ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு, யாரும் இல்ல. பிள்ளை கவலைப்படக் கூடாது என்று ஆரம்பித்தது, இப்போது பிள்ளை கேட்கிறாள் என்றாலே வருகிறது.

நாயின் மீசை மயிரில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. படியிலும் ரெண்டு துணுக்கு கிடந்தது. கயல் அதைப் பார்த்தாள். கோபப்படவில்லை. சட்டைக் கையால் நாயின் வாயைத் துடைத்துவிட்டாள். போனில் ஒரு வரி அடித்தாள். அதில் இட்லி என்ற வார்த்தை இருந்தது, அது எல்லாப் பாஷையிலும் இட்லிதான்.

இன்னும் எழுத வேண்டியது நிறைய இருந்தது போலிருக்கிறது. ஹில்டா எப்படி விழுந்தாள், ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, நாய்க்கு அடி பட்டதா. அவள் தலையைக் குனிந்துகொண்டு வெகு நேரம் அடித்தாள். எல்லாம் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.